மழைக்காலத்தில் அணைக்காத கம்ப்யூட்டர்

அந்தமானில், ரங்கத் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் சுகிர்தாவின் டைப்பிங் கடை. மே மாதக் கடைசியில் மழை பிடித்தால் டிசம்பர் வரை அந்தக் கடையில் இரண்டு பொருள்கள் அணைவதில்லை. ஒன்று, காகிதம் வைக்கும் பீரோவுக்குள் தொங்கும் நாற்பது வாட் பல்பு. இன்னொன்று கம்ப்யூட்டர்.

பல்பு எல்லார் வீட்டிலும் உண்டு. பீரோவுக்குள் ஒரு பல்பு எரியவில்லை என்றால் கல்யாணப் புடவைக்கும் பூஞ்சைதான், பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கும் பூஞ்சைதான். ஆனால் கம்ப்யூட்டரை அணைக்காமல் வைப்பது சுகிர்தா தானே கண்டுபிடித்துக்கொண்ட வழி. கடை திறந்த இரண்டாம் வருடம், காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டு வந்து பார்த்தபோது மெஷினுக்குள் செம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது. சூடு இருக்கிற இடத்தில் ஈரம் உட்காராது என்று அன்றைக்கு முடிவு செய்தாள். அதிலிருந்து மழைக்காலம் முழுக்கத் திரையை மட்டும் அணைத்துவிட்டுக் கடையைப் பூட்டுவாள். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும்.

2014இல் அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பிறந்தது நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில், ரப்பர் தோட்டக் குடியிருப்பில். அப்பா தம்பையா இலங்கை மலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்; கப்பலேறி வந்து கச்சாலில் ரப்பர் பால் வெட்டினார். சுகிர்தாவைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். தோட்ட ஸ்டோரில் வேலை செய்த முருகையாவுக்குக் கட்டிக் கொடுத்தார். 2004 டிசம்பரில் தங்கையின் பிரசவத்துக்காக அவள் போர்ட் பிளேர் போயிருந்தாள். இருபத்தாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்டோருக்கு வந்த சரக்கை எண்ண முருகையா ஜெட்டிக்குப் போனார். துணைக்கு அப்பாவும் போனார். இதற்கு மேல் அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களும் இதற்கு மேல் கேட்டதில்லை.

முகாமில் இருந்தபோது ஒரு உதவி அமைப்பு ஆறு மாதம் டைப்பிங் சொல்லிக் கொடுத்தது. தமிழ் அடிக்கக் கற்றுக்கொண்டது அவள் ஒருத்திதான். முடிவில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். அதைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு ரங்கத் வந்து சேர்ந்தாள். அதற்கப்புறம் அந்த மெஷினுக்குள் ஒவ்வொன்றாக எல்லாம் மாறிவிட்டன. மெமரி மாறியது, இரண்டு வருடத்துக்கு முன் டிஸ்க் மாறியது. அடியில் இருக்கும் பச்சை போர்டு மட்டும் அதேதான்.

மாற்றியதெல்லாம் ராஜவேல். போர்ட் பிளேரில் ஷாதிபூர்க்காரர். கொள்ளுத்தாத்தா இங்கே கைதியாக வந்தவர் என்பதை, கேட்காமலேயே, முதல் சந்திப்பில் சொல்லிவிடுவார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பையைத் தூக்கிக்கொண்டு ரங்கத் வருவார். பஜாரில் உள்ள மெஷின்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர்.

செப்டம்பர் இரண்டாம் வாரம், புதன்கிழமை சாயங்காலம், அவர் கையில் ஒரு டிவிடியோடு வந்து நின்றார். பழைய விண்டோஸை எடுத்துவிட்டுப் புதியதைப் போடப் போவதாகச் சொன்னார்.

“அண்ணே, சனிக்கிழமை கேள்வித்தாள் பிரிண்ட் எடுத்துக் குடுக்கணும். அது முடியட்டுமே,” என்றாள் சுகிர்தா.

“சனிக்கிழமை நான் நடுக்கடல்ல இருப்பேன், தங்கச்சி. வெள்ளிக்கிழமை கப்பல். பொண்ணுக்குப் பிரசவம். மெயின்லேண்டு போனா திரும்ப ரெண்டு மாசம். அதுவரைக்கும் இந்தப் பழசை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? ஸ்காலர்ஷிப் ஃபாரமும் திறக்கல, பாஸ்போர்ட் ஃபாரமும் திறக்கலன்னு நீதானே போன்ல அழுத?”

“அழல. சொன்னேன்.”

“சரி, சத்தமாச் சொன்ன.”

அவள் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. ஊரில் உள்ள தமிழ்வழிப் பள்ளியின் பருவத் தேர்வுக் கேள்வித்தாள்கள் நான்கு வருடமாக அவள் கடையில்தான் டைப் ஆகின்றன. ரங்கத்தில் தமிழ் அடிக்க வேறு ஆள் இல்லை. முன்பு ஒருமுறை வேறொரு கடையிலிருந்து பென்டிரைவ் வழியாகத் தாள் வெளியே போய்விட்டது. அதிலிருந்து தலைமையாசிரியர் ஜெயமணி சார் ஒரு சட்டம் வைத்திருந்தார். கையெழுத்துத் தாளை அவரே கொண்டுவருவார். டைப் ஆனதும் சரிபார்த்து, கையெழுத்துத் தாளைத் தன் வீட்டு அடுப்பில் எரித்துவிடுவார். பென்டிரைவில் காப்பி கூடாது, சிடியில் கூடாது. தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவர் கண்முன்னே ஒவ்வொரு தாளிலும் ஒரு பிரதி எடுத்து உறையில் போட்டு ஒட்ட வேண்டும். சுகிர்தா அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். ஒருநாளும் மீறியதில்லை.

அதனால் மூன்று வாரமாக அடித்த பதினான்கு தாள்களும் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தன.

“உன் கேள்வித்தாள் டிஸ்க்குல தனி ரூம்ல பூட்டி இருக்கு. நான் பக்கத்து ரூமைத்தான் இடிச்சுக் கட்டப்போறேன்,” என்றார் ராஜவேல்.

சொன்னபடியே செய்தார். ராத்திரி பத்து மணிக்குப் புதிய விண்டோஸ் திறந்தது. பதினான்கு தாள்களும் இருந்த இடத்தில் இருந்தன. விடியற்காலை பஸ் பிடிக்கப் போகும்போது, “இன்னைக்கு வேலை முடிச்சிட்டு ஒருதரம் முறையா ஷட் டவுன் பண்ணு. இடி இடிச்சா பிளக்கையும் பிடுங்கிரு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை மெஷின் நன்றாக ஓடியது. அன்றைக்குச் சாயங்காலம் பஞ்சவடி பக்கம் வானம் கறுத்து இடி இறங்கியது. சுகிர்தா சொன்ன சொல் தட்டாதவள். ஷட் டவுன் செய்தாள். பிளக்கைப் பிடுங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை மெஷின் எழுந்திருக்கவில்லை.

விசிறி சுற்றியது. திரையில் வெள்ளை எழுத்து வந்து, எஃப் ஒன் பட்டனைத் தட்டு என்றது. தட்டினாள். உடனே, டிஸ்க் கிடைக்கவில்லை, டிஸ்க்கைப் போட்டு என்டரைத் தட்டு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. என்டரைத் தட்டினாள். அதே வரி மறுபடியும் வந்தது. பத்து தடவை தட்டினாள். பத்து தடவையும் அதே வரி, ஒன்றன்கீழ் ஒன்றாக, தண்டனைக்கு எழுதினது போல.

எதிரே மொபைல் கடை பிஸ்வாஸ் வந்து பார்த்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாவு வீட்டில் நிற்பதுபோல நின்றான்.

“நயா விண்டோஸ் டாலா நா? கதம். ஃபார்மட் மார்னா படேகா, தீதி,” என்றான். புதிய விண்டோஸ் போட்டதால் வந்த வினை, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும், அக்கா, என்று அர்த்தம்.

“அந்தர் காம் ஹே மேரா,” என்றாள் சுகிர்தா. உள்ளே என் வேலை இருக்கிறது.

பிஸ்வாஸ் தோளைக் குலுக்கினான். “தோ பகவான் கோ ஃபோன் லகாவ்.” அப்படியானால் கடவுளுக்குப் போன் போடு என்றான்.

அவள் ராஜவேலுக்குப் போன் போட்டாள். மணி பத்தரை. எடுக்கவில்லை. கப்பல் மூன்று மணிக்கு. துறைமுகத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் போய்விடும்; அதற்கப்புறம் சென்னை வரை மூன்று நாள் கடல்தான். நாளை சாயங்காலம் ஜெயமணி சார் வந்து கதவைச் சாத்தச் சொல்லும்போது அவள் எந்தத் தாளைக் காட்டுவாள்? எரித்த கையெழுத்தை யாரிடம் கேட்பாள்? திங்கட்கிழமை பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால், வாத்தியார்கள் கரும்பலகையில் கேள்வி எழுதிப்போட வேண்டியதுதான். நான்கு வருட நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும். பன்னிரண்டரை மணிவரை பதினேழு தடவை போட்டாள்.

பதினெட்டாவது தடவை எடுத்தார். “ஹடோ வார்ஃப்ல லைன்ல நிக்கிறேன் தங்கச்சி. ஸ்கேனிங்ல பேக் மாட்டிக்கிச்சு. என்ன விஷயம்?”

சொல்லத் தொடங்கியதும் லைன் அறுந்தது. அந்தக் கடைக்குள் சிக்னல் ஜன்னல் கம்பியோரம் மட்டும்தான் நிற்கும், கம்ப்யூட்டரோ பின்சுவரில். அவள் இங்கும் அங்கும் ஓடுவதைப் பக்கத்து டீக்கடையிலிருந்து சொர்ணம்மா பார்த்துவிட்டாள். சொர்ணம்மாவும் கச்சால்காரிதான், அங்கே சுகிர்தா வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளிக் குடியிருந்தவள்.

“என்னா புள்ள, கோழி மாதிரி ஓடுற? இங்க குடு போனை. நான் ஜன்னல்ல நின்னு அவர் சொல்றதைச் சொல்றேன், நீ அங்க குந்திக்கிட்டு அமுக்கு.”

அப்படித்தான் வைத்தியம் தொடங்கியது. ராஜவேல் துறைமுக வார்ஃபில், சொர்ணம்மா ஜன்னலில், சுகிர்தா திரைக்கு முன்.

“கடைசி வரி வேணாமாம். அதை யார் வேணும்னாலும் படிப்பாங்களாம்,” என்று சொர்ணம்மா கத்தினாள். “அமத்திட்டுத் திரும்பப் போட்டு, முதல்ல வர்ற வரியைப் படிக்கச் சொல்றாரு. பட்டன் எதையும் தொடாம.”

சுகிர்தா அணைத்துப் போட்டாள். இதுவரை எஃப் ஒன் என்ற சொல்லை மட்டும் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தவள், இப்போது அதற்கு மேலே இருந்ததைப் படித்தாள். “சீமாஸ் செக்சம் எரர். டிஃபால்ட்ஸ் லோடட்.”

சொர்ணம்மா அதைத் தன் வழியில் திருப்பிச் சொன்னாள். அவர் ஏதோ கேட்டார்.

“ராத்திரி பிளக்கைப் பிடுங்குனியாங்கிறாரு.”

“இடி இடிச்சா பிடுங்குன்னு அவர்தானே சொன்னாரு!”

“அதுக்கு முன்னாடி கடைசியா எப்ப அணைச்சங்கிறாரு.”

சுகிர்தா யோசித்தாள். “மே மாசம். இருபதாம் தேதி வாக்கில.”

சொர்ணம்மா அதைச் சொன்னதும் போனிலிருந்து வந்த சத்தம் பின்சுவர் வரை கேட்டது. “அரே! கம்ப்யூட்டரா, கோயில் அணையா விளக்கா?”

“கேட்டுச்சு, கேட்டுச்சு,” என்றாள் சுகிர்தா. “ஈரம் ஏறிருமேன்னுதான்.”

விஷயம் இதுதான் என்று ராஜவேல் சொன்னதை சொர்ணம்மா துண்டு துண்டாக எடுத்துக் கொடுத்தாள். போர்டுக்குள் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் மெஷினின் ஞாபகத்தைக் காப்பது அதன் வேலை. அது எப்போதோ செத்துவிட்டது. ஆனால் பிளக் எந்நேரமும் மாட்டியே இருந்ததால் அது செத்தது யாருக்கும் தெரியவில்லை. மே மாதத்துக்குப் பிறகு நேற்று ராத்திரிதான் முதல்முறையாகக் கரண்ட் முழுக்கப் போனது; மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. புதிய விண்டோஸ் மேல் குற்றமே இல்லை.

“பத்து வருசத்துக்கு முன்னாடி ஃபேக்டரியில இருந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிடிச்சாம்,” என்றாள் சொர்ணம்மா. “அப்ப இருந்த பழைய டிஸ்க்கையே தேடுதாம். அதைத்தான் இவரு கழட்டிப் போட்டுட்டாரே. இப்ப இருக்கிற புது டிஸ்க் அது கண்ணுக்குத் தெரியலயாம்.”

“கேள்வித்தாள்?”

“தாளு பத்திரமாத்தான் இருக்கும்ங்கிறாரு. அதுக்கு வழி காட்டணுமாம். திரும்பப் போட்டு டெலீட் பட்டனைத் தட்டிக்கிட்டே இருக்கச் சொல்றாரு... அட, லைன் நகருதாம், இருங்கிறாரு. பேக் வந்திருச்சாம்.”

சுகிர்தா டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நீலத் திரை ஒன்று திறந்தது. அவள் இதுவரை பார்த்தே இராத திரை. இரண்டு பத்தியாக ஆங்கிலச் சொற்கள்.

“முதல் வரிக்குள்ள போ. அங்க தேதி என்னா காட்டுதுன்னு கேக்குறாரு,” என்றாள் சொர்ணம்மா.

சுகிர்தா பார்த்தாள்.

“ஜனவரி ஒண்ணு. ரெண்டாயிரத்து நாலு.”

சொர்ணம்மா அதைப் போனில் சொல்லவில்லை. போனைக் காதிலிருந்து சற்றே எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். போனுக்குள் ராஜவேல், “ஹலோ? அக்கா? ஹலோ?” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வெளியே டிக்லிபூர் பஸ் சேற்றைத் தெறித்துக்கொண்டு திரும்பியது.

“வியாழக்கிழமைன்னு போட்டிருக்கு,” என்றாள் சுகிர்தா.

“இருக்கும்,” என்றாள் சொர்ணம்மா. பிறகு போனைக் காதுக்குக் கொண்டுபோனாள். “ரெண்டாயிரத்து நாலாம் வருசம் காட்டுதாம்ங்க.”

இன்றைய தேதிக்கு மாற்றச் சொன்னார். வருடத்தின் மேல் போய் நின்று, பேஜ் அப் பட்டனைத் தட்ட வேண்டும். ஒரு தட்டுக்கு ஒரு வருடம். சுகிர்தா ஒரு தட்டு தட்டினாள். 2005 ஆனது. அந்த ஒரு தட்டைத் தட்ட எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள் என்று சொர்ணம்மா பிறகு யாரிடமும் சொல்லவில்லை. மற்ற ஒன்பதும் வேகமாகப் போயின. மாதம், நாள், மணி. ஒன்று ஐம்பது.

“இப்ப ‘இன்டகிரேட்டட்’னு ஏதோ ஒண்ணு இருக்குமாம். நாலாவதோ அஞ்சாவதோ. மெஷினைப் பாக்காம மனசுல இருந்து சொல்றாராம், திட்டாதங்கிறாரு.”

“இருக்கு.”

“அதுக்குள்ள சாட்டா... என்னாங்க? சாட்டையா?... சாட்டாவாம் புள்ள, சாட்டா. புது டிஸ்க்குக்குப் போற வழியாம். அது எதிர்க்க என்னா இருக்கு?”

“டிஸ்ஏபிள்.”

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பா பெருமூச்சா என்று தெரியாத ஒரு சத்தம். “அதுதான்! அவ்வளவுதான், அதேதான்! அதை எனேபிள் பண்ணு. அப்புறம் எஃப் டென். ஒய். என்டர்.” அவர் கத்தியதில் சொர்ணம்மா தேவைப்படவே இல்லை.

சுகிர்தா எனேபிள் செய்தாள். எஃப் டென் தட்டினாள். ஒய் தட்டினாள். என்டரில் விரலை வைத்தபோது, “கப்பல்ல ஏறுறாராம், ஏணியில இருக்காராம்,” என்று சொர்ணம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிப்பதற்குள் போன் செத்துவிட்டது. சிக்னல் போகவில்லை. காலையிலிருந்து போட்ட பத்தொன்பது காலில் சார்ஜ் தீர்ந்திருந்தது.

மெஷின் ஒருமுறை அணைந்து எழுந்தது. கறுப்புத் திரை. ஒரு நிமிடம் போல ஒன்றும் இல்லை. சொர்ணம்மா ஜன்னலை விட்டு வந்து அவள் பின்னால் நின்றாள். பிறகு நான்கு நிறப் பொட்டுகள் சுற்றிச் சுற்றி வந்து ஒன்று சேர்ந்தன.

“கோலம் போடுது,” என்றாள் சொர்ணம்மா.

சுகிர்தா ஒவ்வொரு தாளாகத் திறந்து பார்த்தாள். ஆறாம் வகுப்புக் கணக்கு. எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல். பதினான்கும் இருந்தன. அதன்பிறகுதான் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. சொர்ணம்மா போய் டீ எடுத்துவந்தாள்.

போனுக்குச் சார்ஜ் ஏறி, சுகிர்தா ராஜவேலைத் திரும்பக் கூப்பிட்டபோது மணி நான்கு. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் இந்தியில் சொன்னாள். சுகிர்தா மெசேஜ் அடித்தாள். ‘திறந்தது. எல்லாம் இருக்கிறது. மூன்று நாள் நிம்மதியாகப் போங்கள்.’ அது போகாமல் நின்றது. போகும்போது போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஜெயமணி சார் குடையோடு வந்தார். கதவு சாத்தப்பட்டது. பிரிண்டர் பதினான்கு தாளையும் கக்கியது. அவர் ஒவ்வொன்றையும் மூக்குக்கண்ணாடிக்கு நெருக்கமாகப் பிடித்துப் பார்த்து, உறையில் போட்டு, எச்சில் தொடாமல் பசை தடவி ஒட்டினார். வேலை முடிந்ததும் வழக்கம்போல், “அழிச்சிரும்மா,” என்றார்.

சுகிர்தா மௌஸைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். குரலை உயர்த்தவுமில்லை, வருத்தப்படவுமில்லை. அவர் கேட்டுக்கொண்டே ஒரு உறையை ஒட்டின பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நேத்து மத்தியானம் வரைக்கும் நம்மகிட்டத் தாளே இல்லை,” என்றார்.

“இருந்துச்சு சார். எடுக்க வழி இல்லை.”

“அதுவும் இதுவும் ஒண்ணுதானேம்மா.”

“ஒண்ணுதான். அதனால அடுத்த பருவத்துக்கு ஒரு காப்பி வேணும். என்கிட்ட வேணாம். சிடியில போட்டுத் தர்றேன், உங்க வீட்டு பீரோவுல வச்சுப் பூட்டுங்க. பல்பு போட்டிருக்கீங்கல்ல?”

“போடாம?” என்றார் சார். குடையை எடுத்து, விரித்துப் பார்த்து, திரும்ப மடக்கினார். நான்கு வருடச் சட்டத்தை மாற்றுவது அவருக்கு எளிதாக இல்லை. “ஒரு காப்பிதான். என் பீரோவுலதான்.”

“ஒண்ணே ஒண்ணு.”

அதன்பிறகு அவள் பதினான்கையும் அவர் கண்முன்னே அழித்தாள். மெஷினை அணைக்கவில்லை.

திங்கட்கிழமை ராத்திரி எட்டு மணிக்குப் போன் அடித்தது. பின்னணியில் சென்னைத் துறைமுகத்துச் சந்தடி.

“திறந்துச்சா?” என்றார் ராஜவேல். ஹலோகூடச் சொல்லவில்லை.

“மெசேஜ் போட்டேனே அண்ணே.”

“அது இப்பதான் வந்துச்சு. பாக்கறதுக்கு முன்னாடி கை உன் நம்பரைத் தட்டிருச்சு. மூணு நாளா சோறு இறங்கல எனக்கு. எல்லாரும் ஸீ சிக்னு நினைச்சு மாத்திரை குடுக்குறாங்க.”

சுகிர்தா சிரித்தாள். “முதல் பரீட்சை இன்னைக்கு நடந்துருச்சு. தமிழ்.”

“பேட்டரி மாத்தினியா?”

“மாத்திட்டேன். சொர்ணம்மாக்கா சுகர் பாக்கிற மெஷின்ல அதே காசு பேட்டரிதான். புதுசா ஒண்ணு வாங்கி வச்சிருந்துச்சு, குடுத்துச்சு.”

“அப்ப இனிமே பிளக்கைப் பிடுங்கலாம். மறக்காது.”

“பிடுங்க மாட்டேன்,” என்றாள் சுகிர்தா. “டிசம்பர் வரைக்கும் மழை இருக்கு.”